மசாஜுக்குப் போய்வந்த பிறகு பயமா? முதலில் மணியைப் பாருங்கள்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். பனியன் கம்பெனிகளில் வாரக்கூலி வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றக் கிளம்புவார்கள். திங்களோ செவ்வாயோ ராத்திரி பத்து மணிக்கு மேல் என் மருந்துக்கடைக்கு ஒருவர் வருவார். வந்ததும் எதுவும் கேட்க மாட்டார். ஓரமாக நின்று செல்போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார். இருமல் மருந்து வாங்குகிறவர் போகும்வரை காத்திருந்து, கல்லாவுக்குக் கிட்டே வந்து, குரலை இறக்கி, "ஏனுங்ணா, எய்ட்ஸ் வராம இருக்க ஏதாச்சும் மாத்திரை இருக்குங்களா?" என்பார்.

ஆள் மாறுவார், கேள்வி மாறாது. கோவைக்கோ ஈரோட்டுக்கோ போன இடத்தில் ஒரு மசாஜ் சென்டருக்குள் நுழைந்திருப்பார். அங்கே ஏதோ நடந்திருக்கும், அல்லது ஒன்றுமே நடந்திருக்காது. இரண்டு ராத்திரி தூங்காத கண்ணோடு வந்து நிற்பார். இந்தக் கல்லாவில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வர வழியே இருந்ததில்லை. பயந்து ஓடிவந்திருக்கவேண்டிய ஒருவரோ நிதானமாக வந்து ஒரு களிம்பு கேட்டார், நானும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை எடுத்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பயத்தின் அளவை வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

முதல்முறையாக இந்தப் பயத்தில் மாட்டிக்கொண்டவர் என்ன செய்யவேண்டும், எந்த வரிசையில் செய்யவேண்டும் என்று பார்ப்போம்.

முதல் வேலை: 72 மணி நேரக் கணக்கு

நடந்தது எந்த நாள், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் எய்ட்ஸை உண்டாக்கும் கிருமியான எச்.ஐ.வி. விஷயத்தில் கடிகாரம் பார்த்துச் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

ஆணுறை இல்லாமல் உடலுறவு நடந்திருந்தாலோ, ஆணுறை கிழிந்திருந்தாலோ, நடுவில் கழன்று போயிருந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்க முடியும். அதற்குப் பி.இ.பி. என்று பெயர். மூன்று மருந்துகள் சேர்ந்த இந்தச் சிகிச்சையை 28 நாள் விடாமல் எடுக்கவேண்டும். 72 மணி என்பது கடைசி எல்லை. மூன்று நாள் இருக்கிறதே, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆறப்போடக் கூடாது. முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நேரம் போகப் போகப் பலன் குறையும். 72 மணி கடந்துவிட்டால் தொடங்கிப் பயனில்லை.

இது என் கடையிலோ வேறு கடையிலோ மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மாத்திரை இல்லை. தொடங்கும் முன் உங்கள் ரத்தத்தைப் பரிசோதிக்கவேண்டும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும், வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவேண்டும். ராத்திரியானாலும் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "ஆணுறை இல்லாம உறவு நடந்துருச்சுங்க, இத்தனை மணி நேரம் ஆச்சு, பி.இ.பி. வேணுமான்னு பாருங்க" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பயிற்சி செய்துகொண்டு போங்கள். சுற்றி வளைத்து "காய்ச்சலுங்க, உடம்பு வலிங்க" என்றால் பாராசிட்டமால்தான் கிடைக்கும். கொடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அங்கே தாமதமாகும்போல் தெரிந்தால் காத்திருந்து மணியை விடாமல் தனியார் மருத்துவமனையில் பொதுமருத்துவரையோ தோல், பால்வினை நோய் மருத்துவரையோ பாருங்கள்.

விருப்பம் இல்லாமல் யாராவது உங்களிடம் நடந்துகொண்டிருந்தால், நீங்கள் பெண்ணோ ஆணோ, அது வேறு விஷயம். அதற்கும் இதே 72 மணிதான். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மருத்துவமனை உடனடியாக இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும். பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

இரண்டாவது: எது எதைத் தொட்டது?

போன மழைக்காலத்தில் தாராபுரம் பக்கத்துப் பையன் ஒருவர் வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். கட்டிங் டேபிளில் வேலை. விரல் நுனியில் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து என் கண்ணாடி மேஜையில் சின்னக் குவியலே வைத்துவிட்டார்.

"என்னைக்குப் போனீங்க தம்பி?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலங்ணா."

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. எனக்கு எதுவும் புதுசில்ல."

"எண்ணெய் தேச்சுவிட்டாங்க. அப்புறம்... கையிலயே..."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்ணா. ஆனா அவிங்க வெரல்ல ஒரு வெட்டுக்காயம் இருந்த மாதிரி இருந்துச்சு. அந்த எண்ணெய்லயும் ஏதாச்சும் இருந்திருக்குமோன்னு..."

இப்படித்தான் பேசவேண்டும். "தப்புப் பண்ணிட்டேன்", "கெட்டுப் போயிட்டேன்" என்கிற வார்த்தைகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எந்த உறுப்பு எதைத் தொட்டது, நடுவில் ஆணுறை இருந்ததா என்று மட்டும் பாருங்கள். கிருமிக்கு நீங்கள் காசு கொடுத்தீர்களா, பொண்டாட்டிக்குத் தெரியாமல் போனீர்களா என்பதெல்லாம் தெரியாது.

உடம்புக்கு எண்ணெய் தேய்த்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், வியர்வை ஒட்டியது என்றால் எச்.ஐ.வி.க்கு வழி இல்லை. துண்டு, கட்டில், கழிப்பறை, குளித்த தொட்டி எதிலிருந்தும் வராது. எச்சிலில் வராது. கையால் செய்துவிட்டார்கள் என்றாலும் எச்.ஐ.வி. பயம் வேண்டாம். அந்தப் பையன் கேட்ட வெட்டுக்காயத்துக்கும் பதில் இதுதான்: எச்.ஐ.வி. உடம்புக்கு வெளியே வந்து காய்ந்தால் தொற்றும் சக்தியை வேகமாக இழந்துவிடும். ஆறிக்கொண்டிருக்கும் கீறலிலிருந்து எண்ணெய் வழியாக நீந்தி வந்து உள்ளே போகாது. ரத்தம் சொட்டும் காயம் உங்கள் திறந்த காயத்தோடு உரசினால்தான் யோசிக்கவேண்டும். அப்படி நடந்திருந்தால் உங்களுக்கே பளிச்சென்று தெரிந்திருக்கும். "இருந்த மாதிரி இருந்துச்சு" என்று தேடவேண்டியிருக்காது.

வாய்வழி உறவு நடந்திருந்தால் எச்.ஐ.வி. வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் மற்றவை அப்படி இல்லை. கொனோரியா என்னும் வெட்டை நோய், கிளமீடியா, சிபிலிஸ் என்னும் மேகப்புண், ஹெர்பிஸ் கொப்புளம் எல்லாம் வாய் வழியாகவும் வரும். எய்ட்ஸ் ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பதால் நம்மவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள். பிறப்புறுப்போடு பிறப்புறுப்பு வெறுமனே உரசினாலும் ஹெர்பிஸ், மரு, மேகப்புண் வரலாம்.

ஆணுறை இல்லாத உடலுறவுதான் உண்மையான ஆபத்து. அதிலும் எவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை எடுக்காத ஒரு பெண்ணோடு ஒருமுறை உறவு கொண்ட ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000க்கு சுமார் 4 என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டிருக்கிறது. ஆசனவாய் உறவில் வாங்கிக்கொள்ளும் பக்கம் இருப்பவருக்கு அது 138. "நாலுதானே" என்று அலட்சியமாக இருக்க இதைச் சொல்லவில்லை. ஒருமுறை போனதாலேயே கதை முடிந்துவிட்டது என்று தூக்கம் கெடுபவருக்காகச் சொல்கிறேன். வெட்டை நோயும் கிளமீடியாவும் இதைவிடப் பல மடங்கு சுலபமாக ஒட்டும்.

மசாஜ் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்லியாகவேண்டும். ஆணுறை போட்டேன், அதனால் பயமில்லை என்கிறவரிடம் நான் கேட்கும் கேள்வி: "உடம்பெல்லாம் எண்ணெய் இருந்ததா?" சாதாரண ஆணுறை ரப்பர் பால் கொண்டு செய்தது. எண்ணெய் அதற்கு எதிரி. மசாஜ் எண்ணெய்களில் கலக்கும் மினரல் ஆயில் பட்டால் ஒரே நிமிடத்தில் ஆணுறை தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். நம் காங்கேயம் செக்குத் தேங்காய் எண்ணெயும் அதைக் கெடுக்கும். போடும்போது பார்வைக்கு நன்றாக இருக்கும், உள்ளுக்குள் நைந்து சுலபமாகக் கிழியும். எண்ணெய்க் கையோடு ஆணுறையைப் பிரித்துப் போட்டிருந்து, முடிந்தபிறகு அது முழுசாக இருந்ததா என்று பார்க்காமல் எறிந்துவிட்டீர்கள் என்றால், ஆணுறை கிழிந்த கணக்கில் வைத்துக்கொண்டு மணியைப் பாருங்கள். முழுசாக இருந்ததைக் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் அது பெரும்பாலும் உங்களைக் காப்பாற்றியிருக்கும்.

அந்தத் தாராபுரத்துப் பையனுக்கு எந்த மாத்திரையும் தேவைப்படவில்லை. அன்று அவருக்கு நான் விற்றது ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். மட்டும், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றதால்.

இந்தச் சில நாட்களில் செய்யக்கூடாதவை

பயத்தில் இருப்பவர் சும்மா இருக்க மாட்டார். அங்கேதான் வினை.

கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, சிலர் கலக்காமலே, ஆண்குறியைக் கழுவிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள். மூன்றாம் நாள் தோல் சிவந்து, உரிந்து, மூத்திரம் போகும்போது எரியும். "பாருங்ணா, நோய் வந்துருச்சு" என்று வந்து நிற்பார். அது நோய் இல்லை, அவர் தேய்த்துக்கொண்ட புண். வெறும் தண்ணீர் போதும்.

அடுத்தது டார்ச் அடித்துப் பார்ப்பது. இதுவரை ஒருமுறைகூடத் தன் உறுப்பை உற்றுப் பார்க்காதவர், இப்போது செல்போன் வெளிச்சத்தில் ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்ப்பார். மொட்டின் விளிம்பைச் சுற்றி முத்துக் கோத்தமாதிரி குட்டிக் குட்டிப் பருக்கள் வரிசையாகத் தெரியும். தோலில் வெள்ளையாகச் சிறு புள்ளிகள் தெரியும். இரண்டும் பல ஆண்களுக்கு இயல்பாகவே உடம்பில் இருப்பவை, யாருக்கும் ஒட்டாது. நேற்று வரை இருந்ததுதான், நேற்று வரை நீங்கள் பார்க்கவில்லை.

ஆன்டிபயாட்டிக் வாங்கி ஒரு வேளை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். "ஒரு அசித்ரோமைசின் போட்டா எல்லாம் போயிருமாமே" என்று கேட்கிறார்கள். எச்.ஐ.வி.யை அது தொடாது. வெட்டை நோய்க்கு அரைகுறையாகப் போட்டால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அறிகுறி மறைந்து, பிறகு மருத்துவரும் கண்டுபிடிக்கத் திணறுவார்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் பார்த்து, லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் 'வைத்தியரிடம்' போகாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் பயத்தின் விலை அவருக்குத் தெரிந்துவிடும். லேகியம், பஸ்பம் என்று ஆயிரக்கணக்கில் போய்விடும்.

இன்னொன்று, இது மிக முக்கியம். ஓசியில் பரிசோதனை ஆகிவிடும் என்று ரத்ததான முகாமில் போய்ப் படுத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பக்கம் முகாம்களுக்குக் குறைவில்லை. தொற்று புதிதாக இருக்கும்போது எந்தப் பரிசோதனையிலும் அகப்படாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கொடுத்த ரத்தம் பிரசவத்தில் கிடக்கும் யாரோ ஒரு பெண்ணுக்கு ஏறும்.

மசாஜ் போய்வந்த பிறகு வரும் அரிப்பெல்லாம் பால்வினை நோய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் தோல் தடிக்கும். சவரம் செய்த இடத்தில் மயிர்க்கால் சீழ்ப் பிடிக்கும். அழுக்குத் துண்டிலிருந்து படர்தாமரை வரும். விரலிடுக்கிலும் இடுப்பிலும் ராத்திரியானால் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு இரண்டு முதல் ஆறு வாரத்தில் தொடங்கினால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டினால் களிம்பில் போய்விடும், வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசவேண்டும்.

எங்கே போவது

1986இல் சென்னையில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. 1994இல் மாநிலத்தில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களிடம் ஆணுறையைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்கள் உண்டு. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விளம்பரம் ஊரையே பேசவைத்தது. பயத்தையும் நன்றாக ஊட்டியது. ஆனால் இத்தனை வருடத்தில் மருந்தும் பரிசோதனையும் எவ்வளவோ மாறிவிட்டன, சனங்கள் மனதில் அந்தப் பழைய பயம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதிக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். பால்வினை நோய்க்குப் பார்க்கும் இடம் சுகவாழ்வு மையம். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மட்டுமில்லாமல் வேறு பல ஊர் அரசு ஆஸ்பத்திரிகளிலும் நம்பிக்கை மையம் உண்டு. காசு கிடையாது. சொந்த ஊரில் தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தால் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் மையத்துக்குப் போங்கள். அப்படிப் போகிறவர்கள் நிறையப் பேர். எந்த மையம் பக்கம் என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெயர் சொல்லவேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கும்? ஓர் ஆலோசகர் உட்காரவைத்துத் தனியாகப் பேசுவார். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கேட்பார். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், நாளை மாற்றிச் சொன்னால் பரிசோதனைத் தேதியே தப்பாகிவிடும். சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரத்தம் எடுப்பார்கள். முடிவையும் அந்த ஆலோசகரே தனியாகச் சொல்வார். முதல் சோதனையில் தொற்று இருப்பதுபோல் காட்டினால் அதை வைத்து முடிவு சொல்லிவிட மாட்டார்கள், வேறு வேறு வகைக் கருவிகளால் மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. கம்பெனி முதலாளி கேட்டாலும் அதுதான்.

வெள்ளைப்பாடு மாதிரி சீழ் ஒழுகினால், மூத்திரம் எரிந்தால், புண்ணோ கொப்புளமோ வந்தால், தொடையிடுக்கில் நெறி கட்டினால், எந்தத் தேதிக்கும் காத்திருக்கவேண்டாம். அன்றைக்கே சுகவாழ்வு மையத்துக்குப் போங்கள். வெட்டை நோய் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். கிளமீடியா ஒன்று முதல் மூன்று வாரம் எடுக்கும், பலருக்கு அறிகுறியே காட்டாது. இரண்டையும் மருத்துவர் தரும் மருந்தில் குணப்படுத்திவிடலாம்.

இப்போது அந்தக் களிம்புக்காரரின் கதை. நான் கடை வைத்த புதிது. நாற்பது வயது மதிக்கத்தக்கவர், தறி ஓட்டுகிறவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "அந்த எடத்துல ஒரு புண்ணுங்க. வலியெல்லாம் இல்லீங்க. ஏதாச்சும் களிம்பு குடுங்க" என்றார். வலி இல்லை என்றதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ட்யூப் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்து, "நல்ல மருந்துங்க, ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டும் போனார். எட்டு மாதம் கழித்து, மாசமாக இருந்த அவர் மனைவிக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்று வந்தது. ஊசி போட்டு அந்த அம்மிணியும் குழந்தையும் தப்பித்தார்கள். மேகப்புண் அப்படித்தான், வலிக்காது. தொற்றி 10 முதல் 90 நாளைக்குள் வரும், மூன்று முதல் ஆறு வாரத்தில் மருந்தே இல்லாமல் தானாக ஆறும். நோய் மட்டும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆரம்பத்திலேயே பிடித்திருந்தால் பென்சிலின் ஊசியோடு முடிந்திருக்கும். நான் அன்று ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும். அதிலிருந்துதான் யார் வந்தாலும் நாளும் மணியும் கேட்கிறேன்.

தேதிகள்

ரத்தப் பரிசோதனையை மறுநாளே ஓடிப்போய் எடுத்தால் அது பழைய கணக்கைத்தான் சொல்லும், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு நாள் வேண்டும். கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகிதக் கவரின் பின்பக்கம் நான் தேதி எழுதிக் கொடுப்பேன். நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

நடந்த நாளிலிருந்து 14ஆம் நாள்: வெட்டை நோய்க்கும் கிளமீடியாவுக்கும் மூத்திரப் பரிசோதனை. அறிகுறி இல்லாவிட்டாலும், ஆணுறை இல்லாத உறவு நடந்திருந்தால் எடுக்கலாம். 45ஆம் நாள்: ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனை, அதாவது கிருமியின் கூறையும் அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளையும் சேர்த்துத் தேடும் பரிசோதனை. அதில் தொற்று இல்லை என்று வந்தால் அநேகமாக முடிந்த கதைதான். 90ஆம் நாள்: நம்பிக்கை மையத்தின் எச்.ஐ.வி. பரிசோதனை, கூடவே சிபிலிசுக்கும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி.க்கும். அன்று எச்.ஐ.வி. தொற்று இல்லை என்றால் இல்லைதான். பி.இ.பி. எடுத்தவர்கள் மட்டும் இந்த நாட்களை எப்போதிலிருந்து எண்ணுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரை எடுத்ததால் கணக்கு தள்ளிப்போகும். ஹெபடைடிஸ் பி. தடுப்பூசி போடாதவர்கள் இந்தச் சாக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

மசாஜும் கையும் மட்டும் என்றால் இந்தத் தேதிகள் எதுவும் தேவையில்லை. மனம் ஆறவே மாட்டேன் என்கிறது என்றால் 90ஆம் நாள் ஒரே ஒரு பரிசோதனை, அதோடு நிறுத்துங்கள்.

இடையில் காய்ச்சல் வந்தால் பதறாதீர்கள். எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டைவலி, தடிப்பு வருவது உண்மை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்குக் காய்ச்சல், அதில் டெங்குவும் இருக்கும். காய்ச்சலை வைத்து எச்.ஐ.வி.யைச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. காய்ச்சலுக்குக் காய்ச்சல் பரிசோதனை பாருங்கள்.

தொற்று இருக்கிறது என்று வந்தால்? அன்றே கூட்டு மருந்துச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்கள். மருந்து இலவசம், வாழ்நாள் முழுக்கச் சாப்பிடவேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. கல்யாணம், குழந்தை, வேலை எல்லாம் உண்டு.

வீட்டில்

உண்மையான ஆபத்து நடந்திருந்தால், முடிவு தெரியும்வரை மனைவியோடு ஆணுறை இல்லாமல் சேரக்கூடாது. இதில் சமாதானமே கிடையாது. மாசமாக இருக்கிறார் என்றால் இன்னும் கவனம். எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டு அழுதவர்கள் உண்டு. மூத்திரக் கடுப்பு, மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லி நாளைக் கடத்துகிறவர்களும் உண்டு. உங்கள் வீட்டை நீங்கள்தான் அறிவீர்கள், நான் புகுந்து சொல்ல முடியாது. ஆனால் தொற்று உறுதியானால் அவருக்கும் பரிசோதனை வேண்டும், அதை மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. எப்படிப் பேசுவது என்று நம்பிக்கை மைய ஆலோசகர் கூட இருந்து உதவுவார்.

மசாஜ் செய்த பெண்ணைத் திட்டிக்கொண்டே வருகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன். உங்களுக்கு அவரிடமிருந்து வரலாம் என்றால், அவருக்கு உங்களிடமிருந்தும் வரலாம். எத்தனையோ பேரின் இடுப்புவலிக்கும் தோள்வலிக்கும் முறையாக எண்ணெய் தேய்த்துப் பிழைக்கிறவர்கள் இதே ஊர்களில் இருக்கிறார்கள். தொழிலையே கேவலமாகப் பேசவேண்டாம்.

வீடியோ இருக்கிறது, வீட்டுக்கு அனுப்புவேன் என்று யாராவது போனில் மிரட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள்.

முடிவு வந்த பிறகும் பயம் போகாவிட்டால்

90ஆம் நாள் தொற்று இல்லை என்று வந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "லேப்ல மாத்தி எழுதியிருப்பாங்களோ" என்று ஐந்தாவது லேபுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கோவையில் மூன்று, ஈரோட்டில் இரண்டு என்று எடுத்து, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜையில் பரப்பினார். ஐந்திலும் ஒரே முடிவு. அவருக்கு அப்போது தேவைப்பட்டது ஆறாவது பரிசோதனை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நாக்கையும் உறுப்பையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், வேலையில் மனம் நிற்கவில்லை என்றால் அது மனதுக்கு வந்த நோவு. அதற்கு மருத்துவர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். செத்துவிடலாம் என்று தோன்றினால் யோசிக்காமல் 104ஐயோ 14416ஐயோ உடனே அழைத்துத் தமிழிலேயே பேசுங்கள்.

ரூமில் எட்டுப் பேரோடு தங்கியிருக்கிறோம், போன் பேச இடமில்லை என்பார்கள். என் கடை வாசலில் ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறேன். பத்தரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே உட்கார்ந்து பேசலாம்.